எங்கள் ஸ்டுடியோ ரயில் கைதான கதை

கொச்சியில், தீவுக்குப் போகும் ரயில் பாலத்தின் தலைமாட்டில் அந்தக் காலத்தில் ஒரு பலகை நின்றது. இங்கே புகைப்படம் எடுக்கக் கூடாது என்று எழுதியிருக்கும். பலகையை நட்டவர்கள் பாலத்தை மறைக்க ஒன்றும் செய்யவில்லை. பக்கத்திலேயே பஸ் போகும். பஸ்ஸில் இருக்கிற அத்தனை பேரும் பார்த்துக்கொண்டே போவார்கள். அடியில் வள்ளம் போகும். வள்ளக்காரன் தூணில் கையை ஊன்றித் தள்ளிவிட்டுப் போவான். கண்ணால் பார்க்கலாம், கையால் தொடலாம், தூணில் வெற்றிலை துப்பலாம். கேமரா வழியாகப் பார்த்தால் மட்டும் நாடு கவிழ்ந்துவிடும்.

புதிதாகக் கேமரா தூக்குகிற நீங்கள் என்னிடம் வந்து, ரயில் பக்கத்தில் நின்று எடுக்கலாமா, போலீஸ் பிடிக்குமா என்று கேட்கிறீர்கள். சட்டம் எனக்குத் தெரியாது. நான் ஏழாம் வகுப்போடு நின்றவன். லென்ஸ், வெளிச்சம், கழுவுகிற மருந்து எல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும் என்று நீங்களே சொல்லிக்கொள்கிறீர்கள், இருக்கட்டும். காக்கிச்சட்டை தோளில் தட்டும்போது வாயை என்ன செய்வது என்பது மட்டும் எனக்குத் தெரியும். இரண்டு தடவை தப்பாகச் செய்து கற்றுக்கொண்டேன். இரண்டு தடவையும் அடிபட்டது நான் இல்லை, வேறொருவர். அதனால்தான் இதை எழுதவேண்டியிருக்கிறது.

என் சுபாவத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். கடையைப் பூட்டிவிட்டு மூன்று தடவை இழுத்துப் பார்ப்பேன். தெருமுனை வரை போய்த் திரும்பி வந்து நாலாவது தடவை இழுப்பேன். இப்படிப்பட்டவன் கையில்தான் மட்டாஞ்சேரியில் எங்கள் முதலாளி கேமராவைக் கொடுத்திருந்தார். அவர் பாலக்காட்டுத் தமிழர். மிளகு மூட்டை அடுக்கும் கிட்டங்கிகளுக்கு நடுவே மாடியில் எங்கள் ஸ்டுடியோ. படம் எடுக்க உட்காருகிறவர்கள் முதலில் நாலு தும்மல் தும்மிவிட்டுத்தான் சிரிப்பார்கள்.

ஐம்பதுகளின் கடைசியில் எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் இருந்தது. வீட்டிலிருந்து ஒருவர் பம்பாய்க்கோ மதராசுக்கோ கிளம்பினால் மொத்தக் குடும்பமும் தோப்பும்படி வண்டிப் பாலம் தாண்டித் தீவிலுள்ள துறைமுக ஸ்டேஷனுக்குப் போகும். போகிறவர் பெட்டியின் படியில் நிற்பார், மற்றவர்கள் கீழே நிற்பார்கள். போட்டோக்காரன் ஒரு படம் எடுப்பான். படத்தில் ரயில் தெரிய வேண்டும். ரயில் தெரியாவிட்டால் போனதாகவே கணக்கு இல்லை.

அப்படி ஒரு நாள் பள்ளுருத்தியிலிருந்து ஓர் அம்மா தன் ஒரே மகளை வழியனுப்ப வந்திருந்தார். மருமகனுக்குப் பம்பாயில் மில் வேலை. மகள் ஜன்னலுக்குள்ளே, அம்மா வெளியே, இரண்டு பேர் கையும் ஜன்னல் கம்பியில். நல்ல படம். எடுத்து முடித்துச் சுருளைத் திருப்பும்போது பின்னாலிருந்து ஒரு குரல்: "ஏய், கேமராக்காரா!"

திரும்பினால் போலீஸ்காரர். வேகமாக வருகிறார். பாலத்துப் பலகை என் கண் முன்னால் வந்து நின்றது. கேமராவோடு என்னையும் தூக்கிக்கொண்டு போகப்போகிறார்கள், என் அம்மாவுக்கு யார் சொல்வார்கள், கடைச் சாவி என்னிடம் இருக்கிறதே என்றெல்லாம் ஒரே நொடியில் ஓடியது. அவர் வந்து சேர்வதற்குள் கேமராவின் முதுகைத் திறந்து, பிலிம் சுருளை உருவி, வெயிலில் பிடித்துக் காட்டினேன்.

"ஒண்ணும் இல்ல சார். பாருங்க, எல்லாம் போச்சு. ஒண்ணுமே இல்ல."

அவர் சுருளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். போலீஸ்காரர்கள் பேசியதெல்லாம் மலையாளம்தான். உங்களுக்காகப் பெரும்பாலும் நம் பாஷையில் எழுதுகிறேன்.

"எந்தா இது? உனக்குப் பைத்தியமா? நாளைக்கு நான் பொண்ணு பாக்கப் போறேன். யூனிபார்ம்ல ஒரு படம் எடுத்துத் தரியான்னு கேக்க வந்தேன்."

ரயில் நகர்ந்தது. அந்த அம்மா ஜன்னலோடு கொஞ்ச தூரம் ஓடிப் போய், நின்று, கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னிடம் வந்தார். "படம் எப்ப கிட்டும் மோனே?"

அடுத்த வாரம் என்றேன். அவர் பள்ளுருத்தியிலிருந்து நாலு தடவை வந்தார். நாலு தடவையும் நான் இருட்டறைக்குள் நுழைந்துகொண்டேன். கடைசியில் முதலாளிதான் உண்மையைச் சொன்னார். அந்த அம்மா ஒரு வார்த்தை திட்டவில்லை. "எனக்கு அவ முகம் ஞாபகம் இருக்கு" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

தம்பிகளா, கேட்பதற்கு முன்னால் கொடுக்காதீர்கள். யாரும் கேட்காத குற்றத்துக்கு யாரும் கேட்காத தண்டனையை நானே விதித்து, அதை வேறொருவர் தலையில் கட்டினேன். இதற்குப் பெயர் ஜாக்கிரதை என்று பல வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன். முட்டாள்கள் தங்கள் பயத்துக்கு எப்போதும் நல்ல பெயர்தான் வைப்பார்கள்.

முதலாளி அன்று என்னிடம் சொன்னது: "நீ இனிமே ரயில்கிட்டப் போகவேண்டாம் மணி, கேட்டியா. ரயிலை நான் இங்கே வரவழைச்சுக்கறேன்."

வரவழைத்தார். ரயிலை வரைந்தவர் முத்தையா அண்ணாச்சி. திருநெல்வேலிக்காரர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். நாடகக் கம்பெனிகளுக்குத் திரைச்சீலை வரைந்துகொண்டிருந்தவர். தர்பார், நந்தவனம், காடு, கடல் எதுவானாலும் வரைவார். அவருடைய கம்பெனி கொச்சியில் ஆடிக்கொண்டிருந்தபோது கலைந்துபோயிற்று. நடிகர்கள் ஊர் திரும்பினார்கள். அண்ணாச்சி திரும்பவில்லை. தோப்பும்படியில் படகுகளுக்குப் பெயர் எழுதிக்கொண்டு இங்கேயே தங்கிவிட்டார்.

எங்களுக்கு அவர் செய்து கொடுத்தது இது: முன்னால் மரச்சட்டத்தில் ஒரு ரயில் பெட்டி, திறந்து மூடும் ஜன்னல், ஏறி நிற்க நிஜமான படி, பிடித்துக்கொள்ளப் பித்தளைக் கம்பி. பின்னால் எட்டடித் திரைச்சீலை. அதில் காயல், தென்னைகள், நீளமான பாலம், பாலத்தின் மேல் புகைவிட்டு வளைந்து வரும் எஞ்சின். பாலத்தை எப்படி இவ்வளவு தத்ரூபமாகப் போட்டீர்கள் என்று கேட்டேன்.

"கரையில போயி உக்காந்து எண்ணிப் போட்டேம்லா" என்றார். "தூணு தூணா எண்ணிப் போட்டேன். நம்ம கை பாக்காததைப் போடாதுவே."

சீனாக்காரன் சண்டைக்குப் பிறகு ஸ்டேஷனிலும் கெடுபிடி வந்தது. நிஜ ரயில் பக்கத்தில் நின்று எடுக்க யாருக்கும் தைரியம் இல்லை. எங்கள் பொய் ரயிலுக்கு வரிசை நின்றது. பெட்டி படுக்கையோடு வருவார்கள், தூக்குச்சட்டியோடு வருவார்கள். ஜன்னலுக்குள் உட்கார்ந்து, கீழே நிற்கும் மாமியாரைப் பார்த்து நிஜமாகவே அழுத பெண்ணை நான் எடுத்திருக்கிறேன். ரயில்வேக்காரர்களே எங்களிடம் வந்தார்கள். நாள் முழுக்க ரயிலில் இருக்கிற டிக்கெட் பரிசோதகர், ரயிலோடு படம் எடுத்துக்கொள்ள மிளகுக் கிட்டங்கி மாடிக்கு வந்து தும்மவேண்டியிருந்தது. நாட்டின் பாதுகாப்பு அவ்வளவு பலமாக இருந்தது.

வருகிறவர்களிடமெல்லாம் நான் ஒரு பாட்டுப் பாடுவேன். "நம்ம தீவுப் பாலம் சார், அப்படியே இருக்கும். ஆள் உட்கார்ந்து எண்ணி வரைஞ்சது. ஒரு தூண் குறையாது." வருஷக்கணக்கில் பாடிப் பாடி, தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். எழுப்பித்தான் கேட்டார்கள்.

அறுபத்தைந்தில் பாகிஸ்தானோடு சண்டை வந்தது. சண்டை எங்கோ வடக்கே. ஆனால் கொச்சியில் தெருவுக்கு நாலு தளபதிகள் முளைத்தார்கள். எங்கள் தெருத் தளபதி கிட்டங்கிக் கணக்கெழுத்திலிருந்து ஓய்வுபெற்ற ஒருவர். தொண்டர் படையில் சேர்ந்து கையில் ஒரு பட்டை கட்டிக்கொண்டார். பேர் வேண்டாம், கைப்பட்டைக்காரர் என்றே வைத்துக்கொள்வோம். விளக்கை அணை, ஜன்னலில் கறுப்புக் காகிதம் ஒட்டு என்று நாள் முழுக்கக் கத்துவார். வாழ்நாள் பூராவும் அவர் பேச்சை அவர் வீட்டுப் பூனைகூடக் கேட்டதில்லை. இப்போது தெருவே கேட்டது. அந்த ருசி கண்டவனுக்குச் சண்டை ஓயாமல் இருந்தால் நல்லது என்றுதான் தோன்றும்.

அவர் ஒரு நாள் எங்கள் கடைவாசல் கண்ணாடிப் பெட்டியைப் பார்த்தார். ஆறேழு வருஷமாக அவர் தினமும் கடந்துபோன பெட்டிதான். உள்ளே மாதிரிப் படங்களில் ரயில், பாலம். அன்றைக்குத்தான் அவருக்கு உளவு தெரிந்தது.

மறுநாள் காலை இன்ஸ்பெக்டர் மூன்று போலீஸ்காரர்களோடு மாடியேறி வந்தார். நாலு பேரும் தும்மினார்கள். முதலாளி பாலக்காடு போயிருந்தார். நான் தனியாக இருந்தேன்.

"இந்தப் படமெல்லாம் யார் எடுத்தது?"

"நான்தான் சார். ஆனா இது நிஜ ரயில் இல்ல. திரைச்சீலை. இதோ, இந்தத் துணி."

இதோடு நிறுத்தியிருந்தால் அவர் ஒரு சாயா குடித்துவிட்டுப் போயிருப்பார். அவர் முகத்திலேயே அது தெரிந்தது. துணியைப் பார்த்து லேசாகச் சிரித்தார்கூட. சும்மா, பேச்சுக்குத்தான் அடுத்ததைக் கேட்டார்.

"இது எந்தப் பாலம்?"

 மனசு எங்கோ இருந்தது. வாய் தானாகப் பாடியது.

"நம்ம தீவுப் பாலம் சார், அப்படியே இருக்கும். ஆள் உட்கார்ந்து எண்ணி வரைஞ்சது. ஒரு தூண் குறையாது."

அவர் சிரிப்பு போயிற்று. "எண்ணினது யாரு?"

சொன்னேன். ஊர், பேர், தோப்பும்படியில் எந்தப் படகுப் பட்டறை என்பது வரை சொன்னேன். கேட்டது ஒன்று, கொடுத்தது நாலு. அரை மணி நேரத்தில் முத்தையா அண்ணாச்சியைக் கையில் வண்ணம் காயும் முன்பே கூட்டிக்கொண்டு போனார்கள். திரைச்சீலையைச் சுருட்டி நாலு பேர் தூக்கிப் போனார்கள். கைப்பட்டைக்காரர் முன்னால் நடந்து ஜனங்களை விலக்கினார். விலக்குவதற்கு ஜனங்களே இல்லை. இருந்தும் விலக்கினார்.

சண்டைக் காலம். பாதுகாப்புச் சட்டத்தில் பிடித்தால் வழக்கு, விசாரணை ஒன்றும் வேண்டாம், எத்தனை மாதம் வேண்டுமானாலும் உள்ளே வைக்கலாம் என்றார்கள். அண்ணாச்சிக்கு இங்கே சொந்தம் என்று யாரும் இல்லை. நான் சொன்ன ஒரு வாக்கியத்துக்கு அவர் உள்ளே போயிருக்கிறார். அதை எப்படித் திரும்ப விழுங்குவது?

முதலாளி மறுநாள் ஊரிலிருந்து வந்ததும் தலையில் அடித்துக்கொண்டார். "வியாபாரத்துக்குச் சொல்ற பொய்யைப் போலீஸ்கிட்டயும் சொல்லுவியாடா?" அப்புறம் ஒரு யோசனை சொன்னார். எட்டடித் துணியில் ஏழு தூண்தான் இருக்கிறது. நிஜப் பாலத்தில் அதைவிட எத்தனையோ அதிகம். துணி தப்பு என்று போய்ச் சொல்.

போனேன். போலீஸ் ஸ்டேஷனில் திரைச்சீலையை வராந்தாவில் தொங்கவிட்டிருந்தார்கள். அதற்குக் காவலாக ஒரு போலீஸ்காரர் நின்றார்.

"சார், இது நிஜப் பாலம் மாதிரி இல்ல சார். தூண் கணக்கு தப்பு."

இன்ஸ்பெக்டர் நிமிர்ந்தார். "தப்புன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"நிஜத்துல இதைவிட நிறைய சார்."

"எத்தனை?"

வாயைத் திறந்தேன். நல்ல வேளை, இந்தத் தடவை மூடிவிட்டேன். எண்ணிக்கை தெரியாது என்றால், துணி தப்பு என்று சொல்ல நான் யார்? தெரியும் என்றால், எண்ணியவன் நானும்தான். இரண்டு பக்கமும் கூண்டு.

இன்ஸ்பெக்டருக்கும் அதே கூண்டு என்பது கொஞ்ச நேரத்தில் தெரிந்தது. துணி நிஜமா பொய்யா என்று அவர் எழுதவேண்டும். பொய் என்று எழுத, நிஜ எண்ணிக்கை வேண்டும். அவர் தினமும் அந்தப் பாலத்தின் ஓரமாகத்தான் ஸ்டேஷனுக்கு வருகிறார். ஒரு தடவைகூட எண்ணியதில்லை. நாட்டு ரகசியம் நாட்டுக்கே தெரியாமல் அவ்வளவு பத்திரமாக இருந்தது. யோசித்து, ஒரு போலீஸ்காரரை மாற்றுடுப்பில் பஸ் ஏற்றி எண்ணிவர அனுப்பினார்.

மத்தியானம் ஆயிற்று, ஆள் வரவில்லை. சாயந்திரம் டெலிபோன் வந்தது. பாலத்துக் காவல்காரர்கள் ஓர் ஒற்றனைப் பிடித்து வைத்திருக்கிறார்களாம். வேட்டி கட்டியவன். கையில் பென்சில், காகிதம். உதட்டை அசைத்துத் தூண் எண்ணிக்கொண்டிருந்தானாம். விசாரித்தால் இந்த ஸ்டேஷன் இன்ஸ்பெக்டர் பெயரைச் சொல்கிறானாம்.

இன்ஸ்பெக்டர் தொப்பியை எடுத்துக்கொண்டு ஜீப்பில் ஏறினார். நான் சிரித்திருக்க வேண்டும். சிரிக்கவில்லை. இந்த ஆள் இனி யாரையாவது கடித்தே தீருவார், கடிக்க உள்ளே ஒருவர்தான் இருக்கிறார் என்றுதான் பட்டது. அப்படியே ஆயிற்று. தன் ஆளை மீட்டுக்கொண்டு வந்தவர் முகம் கறுத்திருந்தது. பின்னால் வந்த போலீஸ்காரர், "சார், ஆறு வரைக்கும் எண்ணினேன், அதுக்குள்ள பிடிச்சுட்டாங்க" என்று ஆரம்பித்து நல்ல திட்டு வாங்கினார்.

"நாளைக்குக் காலைல பைலை மேல அனுப்பிடறேன்" என்றார் இன்ஸ்பெக்டர். "என்ன வேணும்னாலும் செஞ்சுக்கட்டும்." மேலே போன காகிதம் லேசில் கீழே வராது. அது எனக்கே தெரியும்.

லாக்கப்பில் பார்க்க விட்டார்கள். அண்ணாச்சி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்.

"அண்ணாச்சி, வரைஞ்சது தப்பு, கண்ணால பாக்காம குத்துமதிப்பா வரைஞ்சேன்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க. விட்டுருவாங்க."

"யாருவே தப்பா வரைஞ்சது? முத்தையா படுதாவுல தப்புன்னு எவன் சொன்னான்?"

"இப்ப அந்த ரோஷமெல்லாம் வேணாம் அண்ணாச்சி."

"ஏ, நீயாவே எனக்குப் புத்தி சொல்லுத? கண்டக்டரு விசிலடிச்சாலே கேமராவத் திறக்குத பயலு நீ."

கம்பிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். பிறகு, சொல்லவேண்டியதைச் சொன்னேன். அவரை மாட்டிவிட்டது கைப்பட்டைக்காரர் இல்லை, நான். எண்ணி வரைந்தது என்று பாடியது என் வாய்தான். படகுப் பட்டறைக்கு வழி சொன்னதும் அதே வாய்தான்.

அவர் என்னையே பார்த்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். பார்வையைத் தரைக்குக் கொண்டுபோனார்.

"நீ என்னத்தவே புதுசாச் சொன்ன. நான் உங்கிட்ட அளந்ததை நீ அவன்கிட்ட அளந்திருக்க." சுவரைப் பிடித்து எழுந்தார். "முதலாளியக் கூட்டியா. அவர் முன்னால வச்சுத்தான் சொல்லணும். ஒரு ஈரத்துணியும் எடுத்துட்டு வா."

முதலாளி வந்தார். அண்ணாச்சியை வராந்தாவுக்குக் கொண்டுவந்தார்கள். இன்ஸ்பெக்டர், எழுத்தர், ஆறு வரை எண்ணிய போலீஸ்காரர் எல்லாரும் சுற்றி நின்றார்கள். அண்ணாச்சி முதலாளியின் முகத்தைப் பார்க்காமல் பேசினார்.

"முதலாளி, மன்னிக்கணும். இது புதுத்துணின்னு உங்ககிட்டச் சொல்லித் துட்டு வாங்கினேன். புதுத்துணி இல்ல."

ஈரத்துணியால் எஞ்சினுக்கு முன்னால், பாலத்தின் மேல் இருந்த வானத்தை மெதுவாகத் துடைத்தார். நாடகப் படுதாவுக்குப் பொடி வண்ணத்தை வச்சிரப் பசையில் குழைத்துப் பூசுவார்கள். ஈரம் பட்டால் மேல்பூச்சு கழன்று வரும். நீலம் வழிந்தது. அடியிலிருந்து ஒரு வால் வந்தது. பிறகு முதுகு. பிறகு இரண்டு கையாலும் ஒரு பாறாங்கல்லைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்துப் பல்லை இளித்துக்கொண்டிருக்கும் குரங்கு.



"கம்பெனி கலைஞ்சப்ப சம்பளத்துக்குப் பதிலா எனக்குக் கிடைச்ச படுதா இது" என்றார் அண்ணாச்சி. "ராமர் சேது கட்டுத சீன். குரங்கையெல்லாம் பூசி மறைச்சிட்டு மேல ரயிலை விட்டேன். கரைக்கும் போகல, எண்ணவும் இல்ல."

"சேதுவுக்குத் தூண் ஏது?" என்றார் இன்ஸ்பெக்டர். வேறு என்ன கேட்பது என்று அவருக்குத் தோன்றவில்லை போலிருக்கிறது.

"எங்க நாடக வாத்தியாரு தூண் வேணும்னாரு சார். போட்டேன்."

முதலாளியைப் பார்த்தேன். புதுத்துணி என்று நம்பி ஏழெட்டு வருஷம் பெருமையடித்தவர். அவர் முன்னால் திருடனாக நின்றால்தான் அண்ணாச்சி ஒற்றன் இல்லை என்று ஆகும். அவர் இத்தனை நேரம் வாயைத் திறக்காததன் அர்த்தம் அப்போதுதான் எனக்கு உறைத்தது. வரைந்தது தப்பு என்று சொன்னால் கைக்கு உள்ள மதிப்பு போகும்; புதிதாக வரையவே இல்லை என்று சொன்னால் நாணயமானவன் என்ற பெயர் போகும். அதனால் உள்ளேயே உட்கார்ந்திருந்தார்.

முதலாளி குரங்கின் பக்கம் குனிந்து பார்த்தார். "நல்ல குரங்குடா இது" என்றார். "இதைப் போய் மறைச்சியே."

அண்ணாச்சியின் கண் கலங்கியதை அப்போதுதான் முதல் தடவை பார்த்தேன்.

எழுத்தர் மட்டும் பேனாவைத் தூக்கிக்கொண்டு இழுத்தார். "சார், ராமர் பாலம்னாலும் பாலம்தானே. அதுவும் கடல் தாண்டி வேற ராஜ்யத்துக்குப் போறது..."

"மிண்டாதிரிக்கெடா!" என்று இன்ஸ்பெக்டர் அவர் வாயை அடைத்தார். படத்தில் இருப்பது புராண காலத்துப் பாலம், தற்காலப் பாலம் எதையும் சார்ந்ததல்ல என்று எழுதி, கையெழுத்து வாங்கி, துணியையும் ஆளையும் விட்டார்கள்.

வெளியே வந்ததும் நான் அண்ணாச்சியின் பக்கத்தில் நடந்தேன். அவர் எதிர்ப்பக்கம் போய் நடந்தார். முதலாளியிடம் பேசினார், சாயாக்கடைக்காரரிடம் பேசினார், என்னிடம் பேசவில்லை. ஒரே ஒரு தடவை, என் காதில் விழும்படி முதலாளியிடம் சொன்னார்: "என்னைய வெளிய எடுத்தது மனுசன் இல்ல முதலாளி, குரங்கு." நியாயம்தான்.

தம்பிகளா, இரண்டாவது பாடம் இதுதான். கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள். வியாபாரத்தில் வளர்த்த நாக்கைக் கடையிலேயே பூட்டிவிட்டு வாருங்கள். மூன்று தடவை இழுத்தும் பாருங்கள். இன்னொன்றும் உண்டு. பாலத்தைக் காக்கிறேன் என்று கிளம்புகிறவர்களில் பாலத்தை ஒழுங்காகப் பார்த்தவன் ஒருவன்கூட இருக்க மாட்டான். பார்க்கிறவர்கள் நாம்தான். அதனால்தான் நம்மைக் கண்டால் அவர்களுக்குப் பயம். அவர்களுடைய பயத்தை வாங்கி நாமும் போட்டுக்கொள்ள வேண்டியதில்லை. தூண் எத்தனை என்று இப்போதாவது சொல்லுங்கள் என்று உங்களில் ஒருவர் கேட்டார். எனக்குத் தெரியும். சொல்ல மாட்டேன். சுபாவம்.

மிச்சக் கதையையும் சொல்லிவிடுகிறேன். சண்டை நின்று சில வாரம் கழித்து, முதலாளி அண்ணாச்சியை வரச்சொல்லி அனுப்பினார். குரங்கை மறுபடி மறைக்க வேண்டும். ரயிலுக்கு முன்னால் குரங்கு நின்றால் யார் படம் எடுத்துக்கொள்வார்கள்? அண்ணாச்சி வந்தார். என்னைப் பார்க்காமலே ஸ்டூலில் ஏறி, நீலத்தைக் குழைத்தார். தூரிகையை முக்கி, குரங்கின் வாலுக்குக் கொண்டுபோனார்.

அப்போது மாடிப்படியில் தும்மல் கேட்டது. கைப்பட்டைக்காரர். கையில் பட்டை இல்லை. சலவைச் சட்டை போட்டு, மகனோடு வந்திருந்தார். மகனுக்குப் பம்பாயில் வேலை கிடைத்திருக்கிறதாம்.

"ரயிலோட ஒரு படம் வேணும் மணி" என்றார். இந்த ஊரில் யாரையும் யாரும் பிடித்துக்கொடுக்கவே இல்லை என்பதுபோல் சிரித்தார். "பின்னால பாலம் நல்லாத் தெரியணும், கேட்டியா. நம்ம தீவுப் பாலமில்லையா. ஒரு தூண் விடக் கூடாது."

துணியை அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நேராகப் போய்ப் படிக்குக் கீழே முதுகு காட்டி நின்றுகொண்டு தலைமுடியைச் சரிசெய்தார். மகன் படியேறிக் கம்பியைப் பிடித்தான்.

 அண்ணாச்சியைப் பார்த்தேன். அவர் தூரிகையைத் துணியில் வைக்கவில்லை. டப்பாவில் திரும்பப் போட்டார். ஸ்டூலிலிருந்து இறங்கி, கையைத் துடைத்துக்கொண்டு, கேமராவுக்குப் பின்னால் என் பக்கத்தில் வந்து நின்றார்.

"ஏ மணி" என்றார். "சாரை ரெண்டடி இடதுபக்கம் தள்ளி நிக்கச் சொல்லுவே."

சொன்னேன். கைப்பட்டைக்காரர் தள்ளி நின்று, மார்பை நிமிர்த்தி, தாடையை உயர்த்தினார். அவர் தலைக்கு நேர் மேலே, இரண்டு கையாலும் கல்லைத் தூக்கிப் பிடித்துக் குரங்கு பல்லை இளித்தது.

பொத்தானை அழுத்துவதற்கு முன் மூன்று தடவை பார்த்துக்கொண்டேன். எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தது.